வலைச்சான்றகங்களும் பொறுப்புக்கூறலும்

இணையவழிச் செய்திப் போக்குவரத்தின் பாதுகாப்பை மூன்று பண்புகளாகப் பிரித்து நோக்கலாம். இடையில் நிற்பவர் படிக்க இயலாதவாறு செய்தியை மறைத்தல் ஒன்று. அவர் எழுத்தொன்றையும் மாற்ற இயலாதவாறு அதனைக் காத்தல் மற்றொன்று. மறுமுனையில் மறுமொழி தருபவர் தாம் கூறும் பெயருக்கு உரியவரே என உறுதிசெய்தல் மூன்றாவது. முதல் இரண்டையும் கணிதம் ஏறத்தாழ முழுமையாகவே தீர்த்துத் தந்திருக்கிறது. மூன்றாவது பண்போ கணிதத்துக்குள் முற்றாக அடங்குவதில்லை. ஒரு பெயருக்கும் அப்பெயருக்கு உரியவருக்கும் இடையிலான உறவு மாந்தர் வழக்கில் உள்ளதேயன்றி எண்களின் இயல்பில் உள்ளதன்று. ஆகவே அவ்வுறவை ஆராய்ந்து சொல்வதற்கு ஒருவர் வேண்டும். அவர் சொல்லை ஏற்பதற்கு ஓர் அடிப்படை வேண்டும். அச்சொல் பொய்த்தால் அவரை வினவுவதற்கு ஒரு முறை வேண்டும். மறையாக்கம் எவ்வளவு வலிதாயினும், கள்வனோடு மறைவாகப் பேசுவதால் பயன் இல்லை.

1976ஆம் ஆண்டில் விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் எல்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் பொதுத் திறவுகோல் என்னும் கருத்தை வெளியிட்டனர். அதன்படி ஒவ்வொருவரிடமும் இணையான இரண்டு திறவுகோல்கள் இருக்கும். தனித் திறவுகோலை உரியவர் யாருக்கும் காட்டாமல் வைத்திருப்பார். பொதுத் திறவுகோலை ஊரறிய வெளியிடுவார். தனித் திறவுகோலால் இட்ட எண்மக் கையொப்பத்தைப் பொதுத் திறவுகோல் கொண்டு எவரும் சரிபார்க்கலாம். ஆனால் போலியாக இட எவராலும் இயலாது. எஞ்சிய வினா ஒன்றே: இந்தப் பொதுத் திறவுகோல் இன்னாருடையது என்பதை எவ்வாறு அறிவது? 1978இல் மாசச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தில் லோரன் கோன்ஃபெல்டர் என்னும் மாணவர் தம் இளநிலைப் பட்ட ஆய்வேட்டில் அதற்கு விடை தந்தார். பெயரையும் பொதுத் திறவுகோலையும் ஓர் ஏட்டில் சேர்த்து எழுதி, யாவரும் அறிந்த ஒருவர் அதன்மேல் எண்மக் கையொப்பம் இட்டுவிட்டால், ஒவ்வொரு முறையும் பொதுப் பட்டியலைத் தேடிச் செல்லாமல் அவ்வேட்டையே சான்றாகக் கொள்ளலாம் என்றார். அவ்வேடே சான்றிதழ். கையொப்பம் இடுபவரை இக்கட்டுரையில் சான்றகம் எனக் குறிப்போம்.

சான்றகங்களின் கட்டமைப்பு மரத்தை ஒத்த அடுக்குமுறை உடையது. அடியில் இருப்பது வேர்ச்சான்று. அது தனக்குத் தானே கையொப்பமிட்டுக் கொண்டது. வேர்ச்சான்றின் தனித் திறவுகோலை நாளும் எடுத்தாள்வது ஆகாது என்பதால், அது இடைச்சான்றுகளுக்கு மட்டும் கையொப்பமிட்டுவிட்டு, இணையத்தோடு தொடர்பற்ற காப்பறையில் இருத்தப்படும். இடைச்சான்றுகளே வலைத்தளங்களுக்குரிய நுனிச்சான்றுகளில் கையொப்பமிடுகின்றன. நுனியிலிருந்து வேர்வரை ஒவ்வொரு கையொப்பமாகச் சரிபார்த்து இறங்கும் உலாவி, வேரை அடைந்ததும் நிற்கிறது. வேரை யார் சான்றுரைப்பது? அதற்குமேல் கணக்கு இல்லை, பட்டியலே உண்டு. மைக்ரோசாப்ட், ஆப்பிள், கூகுள், மொசில்லா ஆகிய நான்கு அமைப்புகள் நூற்றுக்கு மேற்பட்ட வேர்ச்சான்றுகளைத் தெரிந்தெடுத்துத் தம் இயங்குதளங்களிலும் உலாவிகளிலும் முன்கூட்டியே பதித்து அனுப்புகின்றன. இதனை வேர்ப்பட்டியல் எனலாம்.

புத்தளம் மாவட்டத்தில், ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக நீண்டு கிடக்கும் கற்பிட்டிக் குடாநாட்டில், பள்ளிவாசல்துறை என்னும் கரையூர் இருக்கிறது. அங்கே வாழும் தாயொருவர், கட்டாரில் உழைக்கும் மகன் அனுப்பிய பணம் வந்து சேர்ந்ததா என அறிய வங்கியின் தளத்தைக் கைப்பேசியில் திறக்கிறார் எனக் கொள்வோம். அந்தக் கண்ணிமைப் பொழுதில் மேற்கூறிய மரம் முழுவதும் ஒருமுறை நுனியிலிருந்து வேர்வரை ஆராயப்பட்டு விடுகிறது. அவர் எந்தச் சான்றகத்தின் பெயரையும் கேள்விப்பட்டவரல்லர், எதனையும் தெரிந்தெடுத்தவருமல்லர். கைப்பேசியை வாங்கிய நாளிலேயே, உலகின் பல நாடுகளில் இயங்கும் அத்தனை சான்றகங்களையும் நம்புவதாக அவர் சார்பில் ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. கேளாமலே கொடுக்கப்பட்ட இந்த நம்பிக்கைக்கு யார் பொறுப்பு என்பதே நாம் ஆராயும் பொருள்.

ஆராயுமுன், சான்றிதழ் எதற்குச் சான்று, எதற்குச் சான்றன்று என்பதை வரையறுத்துக் கொள்ள வேண்டும். ஆள்களப் பெயர் இன்னாரின் ஆளுகையில் உள்ளது என்பதை மட்டும் உறுதிசெய்யும் சான்றிதழ் ஒருவகை. அப்பெயருக்குப் பின்னே உள்ள நிறுவனம் பதிவுபெற்றது என்பதையும் உறுதிசெய்வது இரண்டாவது வகை. அதே ஆய்வை இன்னும் விரிவான நெறிகளின்படி நிகழ்த்துவது மூன்றாவது வகை. இம்மூன்றனுள் எதுவும் அந்நிறுவனம் நேர்மையானது எனச் சொல்வதில்லை. தமிழிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தரலாம். ஔ என்னும் ஒற்றை எழுத்தும், ஒகரத்தை அடுத்து ளகரம் நிற்கும் ஈரெழுத்தும் பல எழுத்துருக்களில் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும். கணினிக்கோ அவை வெவ்வேறு. ஔவை என்னும் பெயரில் ஒருவர் தளம் அமைத்திருக்க, ஒளவை என்னும் பெயரை இன்னொருவர் பதிவுசெய்ய இடம் கிடைத்துவிட்டால், இருவருக்கும் செல்லத்தக்க சான்றிதழ் கிடைக்கும்; சான்றகம் எந்தத் தவறும் செய்ததாகாது. உலாவியின் பூட்டுக்குறியை நேர்மையின் குறியாக மக்கள் பிழைபடக் கருதியமையால்தான் கூகுள் 2023இல் தன் குரோம் உலாவியிலிருந்து அக்குறியை அகற்றி வேறொரு குறியை வைத்தது. காலம் தாழ்ந்து செய்ததாயினும் நல்ல செயலே.

இனி இக்கட்டமைப்பின் உள்ளுறைந்த வலுக்குறைவைக் காண்போம். வேர்ப்பட்டியலில் இடம்பெற்ற எந்தச் சான்றகமும், பொதுநிலையில், உலகின் எந்தப் பெயருக்கும் சான்றிதழ் வழங்கலாம். ஒரு வங்கி எவ்வளவு விழிப்பாகத் தன் சான்றகத்தைத் தேர்ந்தாலும், அதனோடு எவ்வகைத் தொடர்பும் இல்லாத இன்னொரு சான்றகம் அவ்வங்கியின் பெயரில் போலிக்குக் கையொப்பமிட்டுவிட்டால், உலாவி இரண்டையும் ஒன்றுபோலவே ஏற்கும். ஆகவே முழு அமைப்பின் வலிமை அதன் மிக மெலிந்த உறுப்பின் வலிமையளவே. இது ஏட்டளவிலான அச்சமன்று என்பதை நமக்கு மிக அருகில் நிகழ்ந்த ஒன்றே காட்டும்.

இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. சான்றகங்களுக்கு உரிமம் வழங்கி மேற்பார்வை செய்யும் கட்டுப்பாட்டாளர் பதவியை அச்சட்டம் உருவாக்கியது. அக்கட்டுப்பாட்டாளரின் வேர்ச்சான்றின் கீழ் இடைச்சான்று பெற்ற அமைப்புகளுள் ஒன்று, இந்திய அரசின் கணினிப் பணிகளைச் செய்யும் தேசியத் தகவலியல் மையம். 2014 யூலை 2ஆம் நாள், கூகுளுக்கு உரிய பல ஆள்களப் பெயர்களுக்கு அம்மையத்தின் இடைச்சான்று கையொப்பமிட்ட சான்றிதழ்கள் உலவுவதைக் கூகுள் கண்டது. கூகுள் அவற்றைக் கேட்டிருக்கவில்லை. மறுநாளே இந்தியக் கட்டுப்பாட்டாளர் அம்மையத்தின் இடைச்சான்றுகளைச் செல்லாதனவாக்கினார். மையத்தின் வழங்கல் முறை ஊடுருவப்பட்டது எனவும், தவறாக வழங்கப்பட்டவை நான்கே எனவும், அவற்றுள் மூன்று கூகுளுக்கும் ஒன்று யாகூவுக்கும் உரிய பெயர்கள் எனவும் விளக்கம் வந்தது. அந்நான்கில் சேராத போலிகளும் தன் கையில் இருப்பதால் ஊடுருவலின் எல்லை தெரியவில்லை எனக் கூகுள் வெளிப்படையாக எழுதியது. மைக்ரோசாப்ட் சில நாள்களில் வெளியிட்ட எச்சரிக்கையில் நாற்பத்தைந்து பெயர்கள் இருந்தன.

இந்திய வேர்ச்சான்று அன்று மைக்ரோசாப்டின் பட்டியலில் இருந்தது. மொசில்லாவின் பட்டியலில் இல்லை. ஆகவே ஒரே மேசையில் ஒரே கணினியில் மொசில்லாவின் பயர்பாக்சு உலாவியைத் திறந்தவருக்குப் போலி செல்லாது. வின்டோசு பட்டியலைச் சார்ந்த வேறோர் உலாவியைத் திறந்தவருக்கு அதே போலி செல்லும். தில்லியில் ஓர் அலுவலகத்தின் காவல் தளர்ந்தபோது, பாக்கு நீரிணைக்கு இப்பால் புத்தளத்திலோ கற்பிட்டியிலோ வின்டோசுக் கணினியில் மின்னஞ்சல் திறந்த எவரும் அத்தளர்வின் எல்லைக்குள் வந்துவிட்டனர். அவருக்கும் இந்தியச் சட்டத்துக்கும் எவ்வகை உறவும் இல்லை. இந்தியக் கட்டுப்பாட்டாளர் அவருக்கு விடையிறுக்கக் கடமைப்பட்டவருமல்லர். சட்டத்தின் எல்லை நாட்டின் கரையோடு நிற்க, நம்பிக்கையின் எல்லை உலகளாவியதாக விரிந்திருந்தது. பின்னர்க் கூகுள் அந்த இந்திய வேர்ச்சான்றின் ஆற்றலை, இந்திய அரசுக்கும் கல்விக்கழகங்களுக்கும் உரிய பெயர்முடிவுகள் உள்ளிட்ட ஒருசில பெயர்களுக்குள் மட்டும் செல்லுமாறு குரோம் உலாவியில் வேலியிட்டது. ஓர் இறையாண்மை அரசின் சான்றுக்கு ஒரு தனியார் நிறுவனம் எல்லை வகுத்ததைக் கண்டு உவர்ப்பு அடைந்தவர்கள் உண்டு. அந்த உவர்ப்பில் ஞாயம் இல்லாமலில்லை. ஆனால் யாருக்காக வேலி இடப்பட்டதோ அவரின் பக்கம் நின்று பார்த்தால், அதனினும் தக்க செயலை என்னால் எண்ண இயலவில்லை.

இதற்கு மூன்றாண்டு முன்னரே ஒல்லாந்தில் இன்னும் கொடிய ஊடுருவல் ஒன்று நிகழ்ந்திருந்தது. கற்பிட்டியில் கோட்டை கட்டிய அதே ஒல்லாந்தரின் நாட்டில், டிசிநோட்டார் என்னும் சான்றகத்தின் கணினிகளை 2011இல் ஒருவர் ஊடுருவி, ஐந்நூற்றுக்கு மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை உருவாக்கினார். யூலை 10ஆம் நாள் கூகுளின் பெயர்கள் யாவற்றுக்கும் செல்லும் போலி ஒன்று பிறந்தது. அதனைக் கொண்டு ஈரான் நாட்டில் ஏறத்தாழ மூன்று நூறாயிரம் இணைய முகவரிகளிலிருந்து வந்த மின்னஞ்சல் போக்குவரத்து இடைமறிக்கப்பட்டது. டிசிநோட்டார் யூலையிலேயே ஊடுருவலை அறிந்தும் உலகுக்குச் சொல்லவில்லை. ஆகத்து இறுதியில் ஈரானியப் பயனர் ஒருவர் தம் உலாவி காட்டிய எச்சரிக்கையை வெளியிட்ட பிறகே உண்மை வெளிப்பட்டது. உலாவிகள் யாவும் அவ்வேரைப் பிடுங்கி எறிந்தன. செப்டெம்பர் 20ஆம் நாள் நிறுவனம் நொடித்தது. ஊடுருவப்படுதல் எவருக்கும் நேரக்கூடியது. அறிந்த பின்னும் வாய்மூடி இருந்த அந்தச் சில கிழமைகளே அதனை அழித்தன.

இந்த வாய்மூடலை அமைப்பளவில் இயலாததாக்குவது எவ்வாறு என்னும் வினாவிலிருந்து பிறந்ததே வெளிப்படைப் பதிவேடு. அதன் நெறி 2013 யூனில் இணையப் பொறியியல் ஆவணமாக வெளிவந்தது. கருத்து எளிது: வழங்கப்படும் ஒவ்வொரு சான்றிதழும் எவரும் காணத்தக்க பொதுப் பதிவேட்டில் ஏற வேண்டும், ஏறியதற்கான குறிப்பைத் தாங்காத சான்றிதழை உலாவி ஏற்காது. இதனால் போலியைப் படைப்பவர் அதனை ஊரறியப் பறைசாற்றியே படைக்க வேண்டியவராகிறார். ஆயின் பதிவேட்டை எழுதுபவரை எவ்வாறு நம்புவது? ஒல்லாந்தர் ஆட்சியில் இலங்கையின் நிலவுரிமைகளைத் தோம்பு என்னும் பேரேடுகளில் பதிந்து வைத்தனர். தோம்பைப் பேணும் எழுத்தரே ஓர் இதழை உருவி வேறோர் இதழைக் கோத்துவிட்டால், அடுத்த தலைமுறையினர் அதனைக் கண்டறிதல் அரிது. வெளிப்படைப் பதிவேடு அத்தகைய கோத்தலை அரிதாக்குவதோடு நில்லாமல், கணிதத்தால் கண்டறியத்தக்கதாகவே ஆக்குகிறது.

அது நிகழும் முறை ஒழுங்கின் அழகு உடையது. எவ்வளவு நீண்ட ஏட்டையும் பிழிந்து 32 பைட்டு அளவுள்ள ஒரே எண்ணாக்கும் கணக்குமுறை ஒன்று உண்டு. அவ்வெண்ணைச் சாற்றெண் எனலாம். ஏட்டில் ஒரு புள்ளி மாறினும் சாற்றெண் முற்றிலும் வேறாகிவிடும். ஒரே சாற்றெண் வருமாறு இரண்டு ஏடுகளை ஆக்கிக்காட்ட இன்றுவரை எவராலும் இயலவில்லை. பதிவேட்டில் உள்ள சான்றிதழ்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒவ்வோர் இணையின் சாற்றெண்களையும் ஒன்றாக்கிப் புதிய சாற்றெண் காண்கின்றனர். அவற்றையும் இரண்டிரண்டாக இணைக்கின்றனர். இவ்வாறு பாதி பாதியாகக் குறைந்து சென்று உச்சியில் ஒரே ஒரு சாற்றெண் நிற்கும். இரால்ஃப் மெர்க்கிள் என்னும் அறிஞர் 1979இல் வகுத்த இவ்வமைப்பு அவர் பெயராலேயே மெர்க்கிள் மரம் எனப்படுகிறது. பத்து நூறாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட, அதாவது 10,48,576 சான்றிதழ்களைக் கொண்ட பதிவேட்டில் குறித்த ஒரு சான்றிதழ் உள்ளது என மெய்ப்பிக்க, அத்தனையையும் காட்ட வேண்டியதில்லை. வழியில் எதிர்ப்படும் இருபதே சாற்றெண்களைக் காட்டினால் போதும். இருபது சாற்றெண்கள் 640 பைட்டுகள். ஒரு குறுஞ்செய்தியின் சில மடங்கு. பதிவேடு இருமடங்கானால் மெய்ப்பிக்கும் சான்று ஒரே ஒரு சாற்றெண்ணால் மட்டுமே வளரும். நேற்றைய உச்சி எண்ணையும் இன்றைய உச்சி எண்ணையும் ஒப்பிட்டு, நேற்று இருந்தவற்றுள் ஒன்றும் நீக்கப்படவில்லை, மாற்றப்படவில்லை என்பதையும் இதேபோன்ற சிறு சான்றால் காட்டலாம். பதிவேட்டைப் பேணுபவர் நல்லவரா என்னும் வினாவே இங்குத் தேவையற்றுப் போகிறது. அவர் பொய்த்தால் அது தெரியும் என்பதே போதுமாகிறது.

2018 ஏப்பிரல் 30க்குப் பின் வழங்கப்பட்ட சான்றிதழ் யாவும் பதிவேடுகளில் ஏறியிருக்க வேண்டும் எனக் குரோம் வலியுறுத்தியது. அதே ஆண்டின் ஒக்டோபரில் ஆப்பிளும் அதனைப் பின்பற்றியது. அதற்கு முன்பே இப்பதிவேடு தன் பயனைக் காட்டத் தொடங்கியிருந்தது. 2015 செப்டெம்பரில், சிமாண்டெக் நிறுவனத்தின் சான்றகம் ஒன்று கூகுளின் பெயருக்கு, கூகுள் அறியாமல், தேர்வு முயற்சியாகச் சான்றிதழ் ஆக்கியதைப் பதிவேடே காட்டிக்கொடுத்தது. இவ்வாறு ஆக்கியவை இருபத்து மூன்று என முதலில் சொல்லப்பட்டது. அடுத்த ஆய்வில் மேலும் 164 வெளிவந்தன. பதிவே செய்யப்படாத பெயர்களுக்கு வழங்கிய 2,458 அவற்றின் பின்னே நின்றன. 2017இல், முறையான மேற்பார்வை இன்றிப் பங்காளிகள் வழியே வழங்கியவை 30,000க்குக் குறையா எனக் கூகுள் சொல்ல, பிழையானவை 127 மட்டுமே எனச் சிமாண்டெக் மறுத்தது. முடிவில் அதன் வேர்கள் படிப்படியாக நீக்கப்பட்டு, 2018 ஒக்டோபரில் வந்த குரோம் பதிப்போடு முற்றும் செல்லாதனவாயின.

டிசிநோட்டாரின் முடிவையும் சிமாண்டெக்கின் முடிவையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு உறுத்துகிறது. சிறிய டிசிநோட்டார் ஒரு திங்களுக்குள் மாண்டது. உலகச் சான்றிதழ்களில் பெரும்பங்கை வழங்கிவந்த சிமாண்டெக்குக்கு ஓராண்டுக்கு மேல் காலக்கெடு கிடைத்தது; அதற்குள் தன் சான்றகத் தொழிலை டிசிசெர்ட் நிறுவனத்துக்குப் பெரும் விலைக்கு விற்றும் விட்டது. எண்ணற்ற தளங்கள் ஒரே நாளில் முடங்கக் கூடாது என்னும் பொறுப்பே அக்காலக்கெடுவின் ஏது என்பது உண்மை. எனினும், பலரைத் தாங்கி நிற்பவன் எளிதில் ஒறுக்கப்படுவதில்லை என்னும் பழைய வழக்கம் இங்கும் நுழைந்துவிட்டதை மறைக்க வேண்டியதில்லை.

பிழை செய்த சான்றகம் அதன்பின் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கும் எழுதப்பட்ட நெறி உண்டு. சான்றகங்களும் உலாவி ஆக்குநரும் 2005இல் கூடி அமைத்த மன்றத்தின் அடிப்படை நெறிகள் 2012 யூலை முதல் நடப்பில் உள்ளன. தவறாக வழங்கிய சான்றிதழை அதன் தன்மைக்கேற்ப இருபத்து நான்கு மணி நேரத்திலோ ஐந்து நாள்களிலோ செல்லாததாக்க வேண்டும். என்ன நிகழ்ந்தது, எப்போது அறியப்பட்டது, ஏன் முன்னரே அறியப்படவில்லை, இனி நிகழாதிருக்க என்ன செய்யப்படும் என்பனவற்றை விரித்து எழுதும் பிழையறிக்கையை எவரும் படிக்கத்தக்க பொது இடத்தில் வெளியிட வேண்டும். அங்கே யாரும் குறுக்குவினா எழுப்பலாம். சான்றகம் மறுமொழி தர வேண்டும். அரசுகளும் பேரமைப்புகளும் தம் பிழைகளை மூடிய கதவுக்குள் உசாவி முடிக்கும் உலகில், போட்டி நிறுவனங்கள் ஒன்றன்முன் ஒன்று தம் தவறுகளை எழுதிவைத்து வினவலுக்கு நிற்பது அரிய காட்சி. இவ்வறிக்கைகளைப் படிப்பது எனக்கு விருப்பமான பொழுதுபோக்கு எனச் சொன்னால் நண்பர்கள் நகைக்கின்றனர்.

இந்நெறியின் கூர்மையை இரண்டு நிகழ்வுகளில் காணலாம். கட்டணமின்றிச் சான்றிதழ் தரும் லெட்சு என்கிரிப்டு, 2020 பெப்ரவரி 29ஆம் நாள் தன் நிரலில் ஒரு பிழையைக் கண்டது. பெயருக்கு உரியவர் எந்தச் சான்றகத்துக்கு இசைவு தந்துள்ளார் என்பதை வழங்குமுன் மீண்டும் பார்க்க வேண்டிய இடத்தில், நிரல் சரியாகப் பார்க்கவில்லை. அதனால் பாதிக்கப்பட்டவை 30,48,289 சான்றிதழ்கள். ஐந்து நாள்களுக்குள் யாவற்றையும் விலக்குவதாக உடனே அறிவித்தது. கெடு நெருங்கியபோது பதினேழு நூறாயிரம் வரை விலக்கியது. எஞ்சியவற்றை விலக்கினால் பொதுமக்களுக்கு வரும் இடர் மிகும் எனச் சொல்லி நிறுத்திக்கொண்டது. எழுத்தளவில் இதுவும் நெறிமீறலே. ஆயினும் அதன் நம்பகம் குன்றவில்லை. மறுபுறம், 1994 முதல் இயங்கிய என்டிரசுட்டு நிறுவனம் 26,000க்கும் மேற்பட்ட சான்றிதழ்களில் ஓர் இணைப்பு முகவரியைச் சேர்க்காமல் விட்டது 2024இல் தெரியவந்தது. அதனால் எந்தப் பயனரும் ஏமாற்றப்படவில்லை. ஆனால் பிழை தெரிந்த பின்னும் அவ்வாறே வழங்கிக்கொண்டிருந்தது; நெறியே மாற வேண்டும் என வழக்காடியது; விலக்க வேண்டிய கெடுவைக் கடத்தியது. பல ஆண்டுகளாகத் தந்துவந்த உறுதிமொழிகளும் அப்போது திரும்பப் புரட்டப்பட்டன. 2024 யூன் 27ஆம் நாள், இனி அதன் புதிய சான்றிதழ்களைக் குரோம் ஏற்காது எனக் கூகுள் அறிவித்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அத்தொழில் வேறொரு நிறுவனத்தின் கைக்குச் சென்றது. பிழையின் அளவைக் கொண்டு அளந்தால் இரண்டு தீர்ப்புகளும் தலைகீழாகத் தோன்றும். அளக்கப்பட்டது பிழைக்குப் பின் வந்த ஒழுக்கம்.

அரசின் சட்டத்தால் இந்த நம்பகத்தை ஆக்க முடியுமா? இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் எண்மக் கையொப்பத்துக்கு ஏற்புத் தந்தது. முன்பு லங்காகிளியர் எனப்பட்ட நிறுவனத்தின் லங்காசைன் நம் வங்கித் துறைக்கு அத்தகைய கையொப்பங்களை வழங்கிவருகிறது. ஓர் ஆவணம் வழக்குமன்றத்தில் செல்லும் என்பதற்கு நாட்டின் சட்டம் போதும். உலாவியில் செல்லும் என்பதற்கு அது போதாது. அங்கே தணிக்கையும் பிழையறிக்கையும் குறுக்குவினாவுமே நுழைவாயில். கசக்கத்தான் அரசு 2019இல் தன் வேர்ச்சான்றைக் குடிமக்கள் யாவரும் தத்தம் கருவிகளில் பதிக்க வேண்டும் எனப் பணித்தது. அவர்களின் போக்குவரத்தை இடைமறிக்கவே அது பயன்பட்டமையால், ஆகத்துத் திங்களில் உலாவி நிறுவனங்கள் அதனைப் பெயர்சுட்டி விலக்கின. இந்தியாவிலோ, 2014இன் தளர்வுக்குச் சில ஆண்டுகள் கழித்து, பெங்களூரின் ஈமுத்ரா நிறுவனம் தன் வேர்களை மொசில்லாவின் பொது ஆய்வுக்கு முன்வைத்து, வினவப்பட்டு, விடை தந்து, பட்டியலில் இடம்பெற்றது. ஆணையால் நுழையாத கதவு கணக்கொப்பித்தலால் திறந்தது.

சான்றகத்தின் ஆய்வு ஊன்றி நிற்கும் நிலம் ஆள்களப் பெயர்முறைமை. பெயர் ஒருவரின் ஆளுகையில் உள்ளதா எனப் பார்க்கச் சான்றகம் பெயர்ப்பதிவுகளையே வினவுகிறது. அப்பதிவுகளை ஒருவர் சிறிது நேரம் கைப்பற்றினாலும், செல்லத்தக்க சான்றிதழைப் பெற்றுவிடக் கூடும். 2021 பெப்ரவரி 6ஆம் நாள், கூகுளின் இலங்கைப் பெயர் உள்ளிட்ட, இலங்கைக்குரிய எல்கே முடிவைக் கொண்ட சில பெயர்களின் பதிவுகள் மாற்றப்பட்டு, அவற்றைத் திறந்தவர்கள் வேறொரு பக்கத்துக்குத் திருப்பப்பட்டனர். அன்று நிகழ்ந்தது அறிவிப்புப் பலகையை மாற்றியது போன்ற செயலோடு நின்றது. அதே கைப்பிடிக்குள் சான்றிதழ் பெறும் வழியும் இருந்தது என்பதை நம் பெயர்ப்பதிவகங்கள் கருத வேண்டும். இதற்கு இரண்டு காப்புகள் உள்ளன. எந்தச் சான்றகம் தன் பெயருக்கு வழங்கலாம் என்பதை உரியவரே பெயர்ப்பதிவில் எழுதிவைக்கலாம். 2017 செப்டெம்பர் முதல் சான்றகங்கள் அக்குறிப்பைப் பார்த்தேயாக வேண்டும். 2025 முதல், ஆளுகையை ஓரிடத்திலிருந்து மட்டும் பாராமல் உலகின் வெவ்வேறு இடங்களிலிருந்தும் பார்த்து ஒப்பிட வேண்டும் என்பதும் நெறியாயிற்று. ஒரு பகுதியின் வழித்தடத்தைத் திருப்பிச் சான்றகத்தை ஏய்ப்பவருக்கு அது தடை.

சான்றிதழின் வாழ்நாளும் சுருங்கி வருகிறது. 2020 செப்டெம்பரில் 398 நாள்களாகக் குறைக்கப்பட்ட அளவு, 2026 மார்ச்சு 15 முதல் 200, அடுத்த ஆண்டு 100, 2029 மார்ச்சில் 47 என இறங்க வேண்டும் என மன்றம் 2025இல் வாக்களித்து முடிவுசெய்தது. செல்லாததாக்கிய செய்தி எல்லா உலாவிகளையும் சென்றடையும் என்பதற்கு உறுதி இல்லாமையால், தானே விரைவில் காலாவதியாகும் சான்றிதழே பாதுகாப்பானது என்பது இதன் அடிப்படை. இதனைக் கையால் செய்ய இயலாது; ஊர்ப் பள்ளிக்கோ கூட்டுறவுக்கடைக்கோ தளம் அமைத்துக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கொருமுறை எட்டிப்பார்ப்பவர்கள், புதுப்பித்தலைத் தானியங்கியாக்கிக் கொள்ளும் வேலையை இப்போதே தொடங்குவது நன்று.

பதிவேடு இருந்தும் படிப்பவர் இல்லாவிடில் என்ன ஆகும் என்பதற்கான நிகழ்வும் வந்துவிட்டது. கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் பெயர்த்தேடல் பணி 1.1.1.1 என்னும் எளிய எண்முகவரியில் உலகெங்கும் இயங்குகிறது. அம்முகவரிக்குக் குரோவாசிய நாட்டின் ஃபினா என்னும் சான்றகம், உரியவரின் இசைவின்றி, 2024 பெப்ரவரிக்கும் 2025 ஆகத்துக்கும் இடையில் பன்னிரண்டு சான்றிதழ்களை வழங்கியிருந்தது. 2014இல் இந்திய வேருக்கு இருந்தது போலவே, ஃபினாவுக்கும் மைக்ரோசாப்டின் பட்டியலில் மட்டுமே இடம் இருந்தது. அச்சான்றிதழ்கள் மறைக்கப்படவில்லை, பொதுப் பதிவேட்டில் எவரும் காணுமாறு ஏறியிருந்தன. கிளவுட்ஃபிளேர் தானே ஒரு பதிவேட்டைப் பேணுவது. பிறருக்குக் கண்காணிப்புப் பணி வழங்குவதும் அதுவே. 2025 செப்டெம்பரில் வெளியார் சொல்லித்தான் அதற்குத் தெரியவந்தது. உள்முகத் தேர்வுக்காக ஆக்கியவை எனச் சான்றகம் விளக்கியது. தன் கண்காணிப்புத் தவறியது எனக் கிளவுட்ஃபிளேர் நாள்வரிசையோடு எழுதி வெளியிட்டது. ஒரு பெயருக்கு வழங்கப்பட்டுள்ள சான்றிதழ்களைத் தேடிக்காட்டும் தளங்கள் கட்டணமின்றியே கிடைக்கின்றன. 2010 முதல் வழங்கிவரும் இலங்கை என்னும் தமிழ்ப் பெயர்முடிவைக் கொண்ட தளங்களும் அங்கே உள்ளன. ஆனால் பதிவேட்டில் அவை தமிழ் எழுத்தில் இராமல் உரோமன் எழுத்துக் கோவையாக மாற்றியே பதியப்பட்டிருப்பதால், தமிழ்ப் பெயர்களைக் கண்காணிக்க விரும்புவோர் முதலில் தம் பெயரை அக்கோவையாக மாற்றிக்கொண்டே தேட வேண்டும்.